சேர்ந்து பாடினால் நிறவெறி போய்விடுமா?

கேள்வி கேட்டவர் லண்டனில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் பாடகர் குழுவில் இருப்பவர். 1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில் எழுப்புதல் தொடங்கியபோது கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகப் பாடினார்கள், அந்தப் பாட்டிலேயே நிறவெறி உடைந்துபோயிற்று என்று அவருடைய போதகர் பிரசங்கித்திருக்கிறார். அது உண்மைதானா, உண்மையென்றால் ஆப்பிரிக்கர், கரீபியர், தமிழர், வெள்ளையர் எனத் தனித்தனி வரிசைகளில் உட்காரும் தங்கள் சபையிலும் எல்லாருடைய பாட்டையும் கலந்து பாடினால் போதுமா என்று கேட்டிருக்கிறார். வரலாற்றுக் கேள்வி போலத் தெரிந்தாலும், பாட்டுக்கு அப்படி ஒரு சக்தி உண்டா, அதை நம்பி நாங்கள் இறங்கலாமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இருபது ஆண்டுகள் சபை வரலாறு கற்பித்தவன் நான். அதைவிட நீண்ட காலம் ஆராதனையில் கீபோர்டு வாசித்திருக்கிறேன். நான்கு ஆண்டுகள் அமெரிக்காவின் தெற்கில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளைக் கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் கழித்தேன். வரலாற்றுப் பகுதியை ஆவணங்களின் பலத்தில் சொல்கிறேன். இசை ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்று சொல்லும் இடங்களில் எனக்கு இருப்பது அனுபவம் மட்டுமே. அந்த அளவுக்கே அதை மதியுங்கள்.

முதலில் அசூசா. வில்லியம் சீமோர் 1870-இல் லூசியானாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஹூஸ்டனில் சார்ல்ஸ் பார்ஹாம் என்ற வெள்ளைப் போதகர் நடத்திய வேதாகமப் பள்ளியில்தான் அவர் ஆவியின் அபிஷேகத்தைப் பற்றிய போதனையைக் கேட்டார். வெள்ளை மாணவர்களோடு ஒரே அறையில் உட்கார அனுமதியில்லாததால், வகுப்புக்கு வெளியே அமர்ந்து திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். 1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார். அவரை அழைத்த சபையே அவருடைய போதனை பிடிக்காமல் சில நாட்களில் கதவைப் பூட்டிவிட்டது. பானி ப்ரே தெருவில் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் தொடர்ந்தது. ஏப்ரல் 9 அன்று அங்கே கூடியிருந்தவர்கள் அந்நியபாஷையில், அதாவது தாங்கள் கற்றிராத மொழியில், பேசத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான ஜென்னி மூர், அதுவரை கற்றிராத பியானோவை அன்று வாசித்தபடி ஆவியில் பாடியதாகப் பின்னர் சாட்சி எழுதினார். அந்தச் சாட்சியை வரலாற்றாசிரியனாக என்னால் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ முடியாது. ஆனால் இந்த இயக்கம் பிறந்த இரவிலேயே ஒரு கறுப்பினப் பெண்ணின் பாட்டு அதில் இருந்தது என்பதற்கு அது நேரடி ஆவணம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் சீமோரை மணந்துகொண்டார்.

வீடு கொள்ளாத கூட்டம் சேரவே, அசூசா தெரு 312-ஆம் எண் கட்டடத்துக்கு மாறினார்கள். ஒரு காலத்தில் அது கறுப்பின மெதடிஸ்டுகளின் ஆலயம். பிறகு குதிரை லாயமாகவும் சரக்கு வைக்கும் இடமாகவும் இருந்தது. தரையில் மரத்தூள் பரப்பி, பெட்டிகளின்மேல் பலகைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். பிரசங்க பீடம் என்று இருந்தது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு மரப்பெட்டிகள்; அதுவும் ஒரு கோடியில் இல்லாமல் நடுவில் இருந்தது. சுற்றிலும் மக்கள். இந்தக் கடைசிச் செய்தியை மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். பாடுகிற எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. அன்றைய அமெரிக்காவில் கறுப்பினத்தவர் வெள்ளையரின் ஆலயத்துக்குள் விடப்பட்டாலும் பின்வரிசையிலோ மேல்மாடத்திலோதான் உட்கார வேண்டும். நடுவில் பீடம் வைத்து வட்டமாக அமர்ந்தால் பின்வரிசை எங்கே போடுவது? ஒருவர் பாட வாய் திறந்தால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பாட வேண்டும்.

தொடக்கத்தில் அங்கே இசைக்கருவியும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை, பாடகர் குழுவும் இல்லை. தெரிந்த பாமாலைகளை நினைவிலிருந்து பாடினார்கள். தேற்றரவாளராகிய பரிசுத்த ஆவியானவர் வந்துவிட்டார் என்று அறிவிக்கும் ஒரு மெதடிஸ்டு பாமாலையை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாடியதாக அங்கே இருந்த பிராங்க் பார்ட்டில்மன் எழுதியிருக்கிறார். இதற்கு அப்பால் 'ஆவியில் பாடுதல்' என்று அவர்கள் சொன்ன ஒன்று இருந்தது. யாரும் தொடங்கி வைக்காமல், சொல்லும் மெட்டும் முன்னால் தீர்மானிக்கப்படாமல், ஆளுக்கொரு வரியாக எழுந்து எல்லாம் ஒரே இசைவில் வந்து நிற்கும் பாட்டு. இன்றும் பல சபைகளில் அது நடக்கிறது. நம்மில் பலர் அதைக் கேட்டிருப்போம். இசை தெரிந்தவன் கண்ணால் பார்த்தால் அதில் நடப்பது இதுதான்: ஒரு சுருதி நிலைத்திருக்கிறது, அதோடு ஒட்டும் ஸ்வரங்களில் ஒவ்வொருவரும் தங்களுக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் குரல், துணைக்குரல் என்ற ஏற்பாடு அதில் கிடையாது. கற்றவர் கல்லாதவரைத் திருத்தவும் வழியில்லை. சட்டமும் வழக்கமும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைக் குறித்துவைத்திருந்த நாட்டில், அப்படிப் பாடுவது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

கறுப்பினத்தவர், வெள்ளையர், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் எனப் பலரும் அங்கே ஒன்றாகத் தொழுதார்கள் என்பதில் ஐயமில்லை. கேலி செய்ய வந்த பத்திரிகைகளே அதை எழுதின. வட கரோலினாவின் டன் என்ற ஊரிலிருந்து ஜி. பி. காஷ்வெல் என்ற வெள்ளைப் போதகர் 1906-இன் இறுதியில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலில் வந்தார். தன் தலையில் கைவைத்து ஜெபிக்க வந்தவர்கள் கறுப்பின இளைஞர்கள் என்று கண்டதும் மனம் ஒப்பாமல் அறைக்குத் திரும்பிவிட்டார். அங்கே தன்னோடு போராடி, மீண்டும் வந்து, அந்த இளைஞர்களையே கைவைத்து ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். இந்தச் சம்பவத்தை நான் வகுப்பில் சொல்லும்போது ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். அதே கூடத்தில் முந்தைய கூட்டங்களில் அவரும் பாட்டைக் கேட்டிருக்கிறார். அவருடைய மனம் திரும்பியது, ஒரு கறுப்பினக் கை தன் தலைமேல் வரட்டும் என்று குனிந்த இடத்தில்.

'இரத்தத்தில் நிறக்கோடு கழுவப்பட்டுவிட்டது', அதாவது இனங்களைப் பிரித்த கோடு கிறிஸ்துவின் இரத்தத்தில் அழிந்தது, என்ற புகழ்பெற்ற வாக்கியம் பார்ட்டில்மன் எழுதியது. உங்கள் போதகரும் அநேகமாக அதைத்தான் மனதில் வைத்துப் பேசியிருப்பார். அந்த வாக்கியம் அச்சில் வந்த ஆண்டு 1925. அவர் நினைவுகூர்ந்தது 1906-ஐ. இடையிலிருந்த பத்தொன்பது ஆண்டுகளில் நிறக்கோடு பெந்தெகொஸ்தே சபைகளுக்குள் மறுபடியும் தடிமனாகப் போடப்பட்டுவிட்டது. ஆகவே அந்த வாக்கியத்தை ஒரு தொடக்கத்தின் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். நிறவெறி தீர்ந்துபோனதற்கு ஆதாரமாக நீட்ட முடியாது.

எப்படிப் போடப்பட்டது என்பதில்தான் இசையும் வருகிறது. 1906 அக்டோபரில் பார்ஹாம் தன் பழைய மாணவரின் கூட்டத்தைப் பார்க்க வந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் நெருங்கி நின்று தொழுவதைக் கண்டு அருவருத்தார். அதைக் கண்டித்துப் பேசினார், பின்னால் எழுதவும் செய்தார். அவருடைய அருவருப்பின் பெரும்பகுதி அங்கே இருந்த ஓசையையும் உடலசைவையும் பற்றியது. கைதட்டல், காலடி, ஒருவர் விளிக்க மற்றவர்கள் மறுமொழி பாடுவது, ஆவியில் ஆடுவது. இவையெல்லாம் அடிமைக் காலத்தில் தோட்டங்களில் ஒளிந்து நடந்த தொழுகையிலிருந்து வந்தவை. அதற்கும் முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தேவனுடைய சபை கிறிஸ்துவில் என்ற பெரிய கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையைக் கட்டிய சார்ல்ஸ் மேசன், இந்த மரபைக் காப்பாற்றுவதைத் தன் ஊழியத்தின் ஒரு பகுதியாகவே கருதினார். அவரும் 1907-இல் அசூசாவில் சில வாரங்கள் தங்கியிருந்தவர். நிறவெறி பிடித்தவர் எப்போதும் 'உன் தோல் எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்வதில்லை. 'உன் பாட்டு ஒழுங்காக இல்லை, ஒரே சத்தமாக இருக்கிறது' என்றும் சொல்வார். இசை நிறவெறியை உடைக்கும் என்பவர்கள், நிறவெறி இசையின் பெயரிலும் பேசும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு பிரிவுகள் வந்தன. 1914 ஏப்ரலில் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே அமைப்பு உருவானது. கூடியவர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் மேசனின் சபையின் பெயரில் ஊழியச் சான்று வைத்திருந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேடைகளில் சொல்லப்படும் பெரிய எண்ணிக்கைகளை நான் நம்பிக் கூறுவதில்லை. சீமோர் 1915-இல் தன் சபைக்கு ஒரு சட்டநூல் வெளியிட்டார். வெள்ளைச் சகோதரர்களை நேசிக்க வேண்டும் என்று எழுதிய அதே நூலில், தலைமைப் பொறுப்புகள் கறுப்பின மக்களிடமே இருக்க வேண்டும் என்றும் விதித்தார். கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்டு, பிறகு எல்லாருக்கும் கதவைத் திறந்தவர் அப்படி ஒரு விதியை எழுத வேண்டி வந்ததே என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்குத் தாங்க முடியாத பக்கம்.

இதைவிடத் தெளிவான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இண்டியானாபொலிஸ் நகரில் கார்பீல்டு ஹேவுட் என்ற கறுப்பினப் போதகர் இருந்தார். அவருடைய சபையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்திருந்தார்கள். அவர் பாட்டும் எழுதுவார். கல்வாரியிலிருந்து ஓடும் இரத்தப் பெருக்கைப் பற்றி அவர் எழுதிய பாடல் இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. அவர் தலைமை வகித்த உலகப் பெந்தெகொஸ்தே சபைகள் என்ற அமைப்பு, இரு இனத்தவரும் சேர்ந்து நடத்திய அபூர்வமான அமைப்பாக இருந்தது. மாநாடு நடத்தும் ஊர் எது, தெற்கத்தி விடுதிகளில் கறுப்பினப் பிரதிநிதிகள் தங்க முடியாதே என்பது போன்ற நடைமுறைச் சிக்கல்களில் புகைச்சல் வளர்ந்தது. 1924-இல் வெள்ளைப் போதகர்களில் பெரும்பாலோர் பிரிந்து போனார்கள். போகும்போது ஹேவுட்டின் பாடல்களை விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்கள் வழிவந்த சபைகள் நூறு ஆண்டுகளாக அவற்றைக் கண்ணீரோடு பாடிவருகின்றன. பாடலை எழுதியவரின் தலைமையில் இருக்க முடியாதவர்களுக்கு அவருடைய பாடலில் இருக்க முடிந்தது. உங்கள் கேள்விக்கு வரலாறு தரும் நேரான பதில் இதுதான்.

இசை கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தது. 1926-இல் சிகாகோவில் இசைத்தட்டு பதிவுசெய்த அரிசோனா டிரேன்ஸ், பார்வையற்ற கறுப்பினப் பெண். மதுக்கடைகளில் கேட்கும் பியானோ நடையை ஆலயத்துக்குள் கொண்டுவந்து மேசனின் சபைகளில் வாசித்தார். அதே சபையில் வளர்ந்தவர் ரொசெட்டா தார்ப். 1915-இல் ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தார்; தாய் ஊழியக்காரி. சின்னஞ்சிறு வயதிலேயே ஆராதனைகளில் கிட்டார் வாசித்த அவர், மின்சாரக் கிட்டாரை வெளுத்து வாங்கிய விதம்தான் பின்னால் ராக் அண்ட் ரோல் என்று பெயர் பெற்றது. ஜார்டனைர்ஸ் என்ற வெள்ளையர் நால்வர் குழு அவரோடு ஊர் ஊராகச் சென்று பாடியது. மேடையில் ஒன்றாகப் பாடினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் விடுதியும் உணவகமும் அவருக்குக் கதவடைத்தன. அவர் பேருந்திலேயே உண்டு உறங்கினார். 1973-இல் இறந்தபோது பிலடெல்பியாவில் அவருடைய கல்லறைக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் நடுகல் வைத்தார்கள். 2018-இல் ராக் இசையின் பெருமைக்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

மெம்பிஸில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபைக்குப் போய்வந்த எல்விஸ் பிரெஸ்லியும், லூசியானாவின் பெரிடேயில் அதே அமைப்பின் சபையில் வளர்ந்த ஜெரி லீ லூயிசும் கறுப்பின இசையைத் தேடிப் போய்க் கேட்டு, பின்னால் ராக் அண்ட் ரோல் பாடகர்களாகப் புகழ்பெற்ற வெள்ளை இளைஞர்கள். அவர்கள் அதை நேசித்தது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1960-களின் முடிவில் எட்வின் ஹாக்கின்ஸ், பெர்க்லியில் மேசனின் சபையைச் சேர்ந்த ஓர் இளைஞர் குழுவை வைத்து, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பாமாலை ஒன்றை முழுக்கக் கறுப்பின நடையில் பாடவைத்தார். 1969-இல் அது உலகம் முழுவதும் ஒலித்தது. அதே சபைக் குடும்பத்திலிருந்து வந்த ஆண்ட்ரே கிரவுச், பதின்பருவத்தில் எழுதிய பாடலே வெள்ளையரின் பாட்டுப் புத்தகங்களில் ஏறியது. 1970-களில் அவருடைய குழுவின் முன்னால் வெள்ளை இளைஞர்களும் கறுப்பின இளைஞர்களும் ஒரே அரங்கில் நின்றார்கள். அது சிறிய காரியமில்லை. ஆனால் அதே காலகட்டத்தின் நிர்வாகப் பதிவேடுகள் வேறு கதை சொல்கின்றன. வெள்ளைப் பெந்தெகொஸ்தே அமைப்புகள் 1948-இல் உருவாக்கிய வட அமெரிக்கக் கூட்டமைப்பில் ஒரு கறுப்பின அமைப்புகூடச் சேர்க்கப்படவில்லை. வேதாகமக் கல்லூரி முடித்த ராபர்ட் ஹாரிசன் என்ற கறுப்பின ஊழியருக்கு, 1951-இல் நிறத்தைக் காரணம் காட்டி அசெம்பிளிஸ் ஆஃப் காட் சான்று மறுத்தது. அவர் குருப்பட்டம் பெற 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவிலும் இதே பாதைதான். 1908-இல் அசூசாவின் தாக்கத்தோடு ஜோகன்னஸ்பர்க்கில் எழுந்த அப்போஸ்தல விசுவாச இயக்கம் இரு இனத்தவரும் சேர்ந்து தொழுததில் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள், வெள்ளையருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிறகே கறுப்பினத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானம் எழுதிவிட்டது. பிரிந்த சபைகள் ஒன்றாக 1996 ஆயிற்று.

அமெரிக்காவில் திருப்பம் வந்தது 1994 அக்டோபரில், மெம்பிஸில். வெள்ளையரின் அந்தக் கூட்டமைப்பு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. கூட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்து, மேசனின் சபைப் பேராயர் இத்தியேல் கிளெமன்ஸின் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். பிறகு கறுப்பினப் பேராயர் சார்ல்ஸ் பிளேக், அசெம்பிளிஸ் ஆஃப் காட் தலைவர் தாமஸ் டிராஸ்கின் கால்களைக் கழுவினார். பலரும் இந்தக் காட்சியோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது: புதிதாக உருவான கூட்டமைப்பின் முதல் தலைவராகக் கிளெமன்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். கால் கழுவியவர்கள் நாற்காலியையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த மாற்றம் கீழே ஊர்ச் சபைகள் வரை எவ்வளவு தூரம் இறங்கியது என்பது வேறு கேள்வி. இன்றும் அங்கே பெரும்பாலான சபைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இனவாரியாகத்தான் கூடுகின்றன.

அப்படியானால் இசையால் பயனே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் போய்வந்த கறுப்பினச் சபையில் எழுபது வயது கடந்த ஒருவர் ஹாமண்டு ஆர்கன் வாசிப்பார். 1930-களில், குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத ஆலயங்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட மின் கருவி அது. கறுப்பினச் சபைகள் அதைத் தங்கள் குரலாகவே ஆக்கிக்கொண்டன. அவர் இடது காலை மிதிகட்டைகளின்மேல் செருப்பில்லாமல் வைத்திருப்பார். லெஸ்லி ஒலிபெருக்கியின் சுழற்சியை மெதுவிலிருந்து வேகத்துக்கு மாற்றும் அந்தச் சின்ன விசையில் இடது கையின் சுண்டுவிரல் எப்போதும் தயாராக நிற்கும். தேவன் தங்களுக்குச் செய்ததை ஜனங்கள் எழுந்து சொல்லும் சாட்சி வேளையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பாட்டைத் தொடங்கலாம். சுருதி இன்னது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து, பியானோவின் எந்தக் கட்டையிலும் சரியாக விழாத ஓர் இடத்தில் பாட்டைத் தொடங்கினார். நான் கீபோர்டில் கைவைத்து எனக்கு வசதியான சுருதியை உரக்க ஒலித்தேன். பாட்டி அதற்கு வந்துவிடுவார் என்று எண்ணம். பெரியவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவர் தாழ்ந்த ஒலியில் ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்து, மெல்ல மேலே நகர்த்தி, பாட்டியின் குரல் எங்கே நிற்கிறது என்று தேடினார். அரை நிமிடம் ஆகியிருக்கும். அதற்கு மிக அருகிலான இடம் கிடைத்ததும் மற்ற விரல்களை இறக்கினார்; கூடம் எழுந்து நின்றது. ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "மகனே, அவர்கள் நிற்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். நம் இடத்துக்கு அவர்களை இழுக்கக் கூடாது."

அதே பெரியவரை வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஒரு பெரிய பெந்தெகொஸ்தே சபை ஒரு விசேஷ ஞாயிறுக்கு அழைத்தது. நானும் கூடப் போயிருந்தேன். பாட்டுகளும் சுருதியும் நேரமும் தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தன. அவர் வாசித்தபோது ஜனங்கள் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்த அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து நான் அங்கே மீண்டும் போனபோது, அன்று அவர் வாசித்த விதத்தை அப்படியே எடுத்து அவர்களுடைய குழு வாசித்துக்கொண்டிருந்தது. அவரை மறுபடி அழைத்தார்களா என்று கேட்டேன். அவசியம் வரவில்லை என்றார்கள். நான் வந்து சொன்னதைக் கேட்ட பெரியவர் பேச்சை மாற்றி, வீட்டில் விளைந்த கத்தரிக்காயைப் பையில் போட்டுக் கொடுத்தார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இனி உங்கள் சபைக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் பல்லினச் சபைகளை ஆராய்ந்து ஜெரார்டோ மார்ட்டி என்ற சமூகவியலாளர் 2012-இல் வெளியிட்ட முடிவு, என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. எந்த இனத்தின் இசைநடையைப் பாடுகிறோம் என்பது ஒரு சபையைப் பல்லினச் சபையாக ஆக்குவதில்லை. பாடகர் குழுவும் ஒத்திகையும் வெவ்வேறு இனத்தவரை வாரந்தோறும் நெருங்கிப் பழக வைக்கும்போதே மாற்றம் நிகழ்கிறது என்று அவர் கண்டார். ஓர் ஆங்கிலப் பாட்டு, ஒரு யொரூபா பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு என்று பங்கு பிரித்துப் பாடுவதால் மட்டும் வரிசைகள் கலையும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். சில இடங்களில் அது ஒவ்வொரு கூட்டமும் தன் பாட்டு வரும்வரை காத்திருந்துவிட்டுச் சும்மா நிற்பதில்தான் முடிந்திருக்கிறது. இங்கிலாந்துச் சபைகளில் எனக்கு நேரடிப் பழக்கம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சபைகளில் சாதி செய்வதும் இதைப் படிக்கும்போது நினைவுக்கு வராமல் இராது. அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

உங்களால் செய்யக்கூடியது பாடகர் குழுவுக்குள் இருக்கிறது. அடுத்த ஞாயிறு என்ன பாடுவது என்று முடிவு செய்பவர் யார் என்று பாருங்கள். அது எப்போதும் ஒரே ஆளோ ஒரே இனமோ என்றால், மாதத்தில் ஒரு வாரமாவது அந்த முடிவை மற்றவரிடம் முழுமையாகக் கொடுத்துவிடும்படி போதகரிடம் பேசுங்கள். தமிழ்ப் பாட்டு பாடும்போது கானா நாட்டுச் சகோதரியை முன்குரலுக்கு நிறுத்தி, உச்சரிப்பை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அவருடைய பாட்டை அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஒத்திகை முடிந்து ஒன்றாகச் சாப்பிடுங்கள், ஆளுக்கொரு வீட்டில். அதோடு, சாட்சி வேளை உங்கள் சபையில் இன்னும் இருக்கிறதென்றால், கரீபியப் பாட்டி ஒருவர் எழுந்து பாட்டைத் தொடங்கும்போது கீபோர்டுக்காரரை உடனே சுருதி கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று தேடிப் போகட்டும். அரை நிமிடம் ஆகும், ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள்.